பதினாலாம் படுக்கையில் முத்துசெல…

தென்காசி
18.6.2025

பாண்டிராஜுக்கு,

இரண்டு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நம்மால் சண்டையில்லாமல் பேச முடியாது. அதனால்தான் இந்த மெயில். இது ஆஸ்பத்திரி விஷயம். வீட்டு விஷயம் எதையும் இதில் எழுதப் போவதில்லை.

போன சனிக்கிழமை, பதினாலாம் தேதி, எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு அம்மாவுக்கு இன்னொருவருக்கு வைத்திருந்த ரத்தத்தை ஏற்றிவிட்டார்கள். அவர்கள் பெயர் முத்துசெல்லம். அறுபத்தொரு வயது, இலத்தூர். வீட்டு முற்றத்தில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து வந்தவர்கள். அவர்களுக்கு ஓ பாசிட்டிவ். ஏற்றியது பி பாசிட்டிவ். அச்சன்புதூரிலிருந்து பிரசவத்துக்கு வந்த முத்துசெல்வி என்ற பெண்ணுக்காக ஒதுக்கிய பை அது. கால் பங்குகூட இறங்கவில்லை, அதற்குள் குளிர் நடுக்கமும் இடுப்பு வலியும் வந்து, நர்ஸ் நிறுத்திவிட்டார். இப்போது முத்துசெல்லத்தைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

ரத்தச் சேமிப்பு அறைக்குப் பொறுப்பு நான் என்பது உனக்குத் தெரியும். அன்று பையை எடுத்துக் கொடுத்தது மஞ்சு, என் கீழ் வேலை பார்க்கும் பெண். வேலைக்கு வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இருபத்தேழாம் தேதி விசாரணை.

நீ எழுதிக் கொடுத்த புரோகிராமில்தான் இன்றும் எல்லாப் பதிவும் நடக்கிறது. யார், எந்த நேரத்தில், எந்தப் பையை வெளியே எடுத்தார்கள் என்பது அதில் பதிவாகும் என்று அப்போது சொன்னாய். அதைத் தாளில் எடுத்துத் தரச் சொல்கிறார்கள். எப்படி எடுப்பது என்று மட்டும் எழுது.

ஆனந்தவள்ளி

&nbsp;

திருவனந்தபுரம்
19.6.2025

அக்காவுக்கு,

உங்கள் மெயில் கிடைத்தது. பதிவை எடுக்கும் முறை கீழே இருக்கிறது. கறுப்புத் திரை வந்ததும் எஃப் ஒன்பது பட்டனை அழுத்தி, தேதியைக் கொடுத்தால் போதும். பிரிண்டரில் தானே வந்துவிடும்.

இன்னொரு விஷயம். பைகளின் பட்டியல் தெரியும் திரையை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? அந்த சனிக்கிழமைப் பட்டியலாக இருந்தால் நல்லது. பையில் ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தால் அதையும். அவசரம் ஒன்றும் இல்லை. இல்லை, முடிந்தால் இன்றைக்கே அனுப்புங்கள்.

மஞ்சு என்ன சொல்கிறாள்? அவள் எதைப் பார்த்து எடுத்தாளாம்?

பாண்டிராஜ்

&nbsp;

தென்காசி
20.6.2025

பாண்டிராஜுக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். நல்லது.

போட்டோ இரண்டும் இத்துடன் இருக்கிறது. பதிவை எடுத்துவிட்டேன். பதினொன்று நாற்பத்திரண்டுக்கு மஞ்சுவின் குறியீட்டில் பி பாசிட்டிவ் பை வெளியே போயிருக்கிறது. சந்தேகத்துக்கு இடமில்லை.

மஞ்சு சொல்வது இதுதான். பதினாலாம் படுக்கை முத்துசெல்லத்துக்கு ரத்தம் வேண்டும் என்று வார்டிலிருந்து போன் வந்தது. திரையில் பதினாலுக்கு எதிரே அதே பெயர் இருந்தது. எடுத்தாள். முத்துசெல்வியை அன்று காலைதான் பதினாலிலிருந்து மாடி அறைக்கு மாற்றி, ஒன்பதில் இருந்த முத்துசெல்லத்தைப் பதினாலில் போட்டிருக்கிறார்கள். திரையில் யாரும் மாற்றவில்லை. சரி, மாற்றவில்லைதான். பெயரை ஒழுங்காக வாசித்திருந்தால் செல்வி வேறு, செல்லம் வேறு என்று தெரியாதா?

முத்துசெல்லத்துக்குச் சிறுநீர் இறங்கவில்லை. டயாலிசிஸ் ஆரம்பித்திருக்கிறார்கள். மகன் செல்லச்சாமி, ராணுவத்தில் இருக்கிறார், லீவு போட்டு வந்திருக்கிறார். நேற்று எங்கள் நிர்வாகியின் அறைக்கு வெளியே மூன்று மணி நேரம் நின்றார். கூச்சல் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்று காலை மஞ்சுவின் அப்பா வீட்டுக்கே வந்துவிட்டார். நல்லக்கண்ணு என்று பெயர். புளியறையில் லாரிக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "எம்மவ வேணும்னு செய்யக்கூடியவ இல்லம்மா. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாவ" என்றார். விசாரணை இருக்கிறது, நான் எதுவும் பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

நீ ஏன் மஞ்சுவைப் பற்றிக் கேட்டாய்?

ஆனந்தவள்ளி

&nbsp;

தென்காசி
23.6.2025

பாண்டிராஜ்,

மூன்று நாளாகப் பதில் இல்லை. போட்டோ வந்ததா என்று ஒரு வரி எழுத முடியாதா?

போலீசில் புகார் கொடுப்பதென்று நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. மஞ்சுவின் அலட்சியம்தான் காரணம் என்று என் அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எழுதிவிட்டேன். கையெழுத்து இன்னும் போடவில்லை. போடுவதற்கு முன் ஒரு தடவை திரையைப் பார்த்துவிடுவோம் என்று அந்த சனிக்கிழமைப் பட்டியலை மறுபடி எடுத்தேன். உனக்கு அனுப்பின அதே பட்டியல்தான். அனுப்பும்போது நான் அதை வாசிக்கவில்லை.

ஒன்பதுக்கு எதிரே 'முத்துசெல…' என்று இருக்கிறது. பதினாலுக்கு எதிரேயும் 'முத்துசெல…' என்று இருக்கிறது. செல்வியும் இல்லை, செல்லமும் இல்லை. லகரத்துக்கு மேல் புள்ளிகூட இல்லை. பையில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் அதே. நர்ஸ் ஸ்டிக்கரையும் நோயாளியின் கைப்பட்டையையும் வைத்துப் பார்த்ததாகச் சொன்னாரே, அவர் பார்த்தது பாதிப் பெயரை; கைப்பட்டையில் ரத்த வகையும் கிடையாது.

இது ஏன் இப்படி வருகிறது? கம்ப்யூட்டர் பழசானதாலா? நாளைக்குள் சொல். அவசரமாக அடிக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பார்க்காதே.

அக்கா

&nbsp;

திருவனந்தபுரம்
24.6.2025

அக்கா,

முதலில் ஒரு வேலை. இதை வாசித்து முடிப்பதற்கு முன்னால் செய். அந்தத் திரையை இனி யாரும் நம்ப வேண்டாம். ஸ்டிக்கர் அடிக்க வேண்டாம். முழுப் பெயரும், வயதும், ஆஸ்பத்திரி நம்பரும் கையால் எழுதச் சொல். செய்துவிட்டு வா.

கம்ப்யூட்டர் பழசானதால் இல்லை. நான் எழுதியதுதான் தப்பு.

இருபதாம் தேதியே போட்டோவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான்கு நாளாக உனக்கு எழுதி எழுதி அழித்தேன். ஜன்னத் கேட்டாள், என்ன இப்படி இருக்கிறாய் என்று. சொன்னேன். அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் பொண்ணு வீட்ல ஒக்காந்து அழுதுக்கிட்டு இருப்பா. நீங்க இங்கன ஒக்காந்து அழிச்சு அழிச்சு எழுதிக்கிட்டு இருக்கீங்க."

உனக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன். படமும் மவுசும் இல்லாமல் வெறும் எழுத்துகளை வைத்தே கட்டம் போட்டுப் பட்டியல் காட்டும் திரைகள் இருக்கின்றன. பழைய கம்ப்யூட்டரிலும் வேகமாக ஓடும் என்று உங்களுக்கு அதைத்தான் செய்தேன். அதற்காக நான் ஒரு லைப்ரரி, அதாவது எந்தப் புரோகிராமிலும் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஆயத்தத் தொகுப்பு, எழுதி வைத்திருக்கிறேன். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். அதன் ஓரத்தில் எடுபிடி வேலை பார்க்கும் சின்னச் சின்னக் கட்டளைத் துண்டுகள், ஃபங்ஷன் என்போம், ஒரு ஃபைலில் இருக்கும். ஒன்று, ஒரு சொல் எத்தனை இடம் பிடிக்கும் என்று எண்ணும். ஒன்று, இடம் மிஞ்சினால் வெற்றிடம் போட்டு நிரப்பும். இன்னொன்று, சொல் நீளமாக இருந்தால் வெட்டி, மூன்று புள்ளி வைக்கும். எல்லாம் பத்து வரிக்குள் முடிந்துவிடும். யாரும் திரும்பிப் பார்க்காத ஃபைல் அது. நானும் பார்த்ததில்லை.

எண்ணும் ஃபங்ஷனை நான் ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதிவிட்டேன். முத்துசெல்லம் நமக்கு ஏழு எழுத்து. கம்ப்யூட்டர் உள்ளே கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக வைத்திருக்கும். 'மு' அதற்கு இரண்டு, 'த்' இரண்டு, 'செ' இரண்டு. அப்படி எண்ணினால் பதின்மூன்று. பெயருக்கு நான் விட்டிருந்த இடம் பத்து. ஏழு எழுத்துப் பெயர் தாராளமாக அடங்கியிருக்க வேண்டும். பதின்மூன்று என்று நினைத்துக்கொண்டு ஒன்பதோடு வெட்டியிருக்கிறது. செல்விக்கும் அதே இடத்தில் வெட்டு விழுந்திருக்கிறது. ல்லில் புள்ளியை உதறிவிட்டு ல-வோடு நின்றுவிட்டது.

இதோடு முடிந்திருந்தால் தெரியாமல் செய்த தப்பு என்று சொல்லலாம். முடியவில்லை.

பதினாலு மாசத்துக்கு முன்னால் முகம்மது சலீம் என்று ஒருவர், முன்பின் தெரியாதவர், எனக்கு எழுதினார். உங்கள் லைப்ரரியில் தமிழ்ப் பெயர்கள் தவறாக வெட்டுப்படுகின்றன என்று. ஒரே நாளில் சரிசெய்துவிட்டேன். லைப்ரரியைச் சரிசெய்தேனே தவிர, உங்கள் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் இருப்பது பழைய பிரதி. அதற்கு இன்டர்நெட் கிடையாது. நான் புதிய ஃபைலை உனக்கு அனுப்பி, நீ பென்டிரைவில் போட்டு ஏற்ற வேண்டும். உனக்கு மெயில்கூட எழுதி வைத்தேன். அனுப்பவில்லை.

ஏனென்று உனக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஜன்னத் உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவளிடம், பார்வையாளர் நேரம் நாலு மணிக்கு என்று சொல்லி அனுப்பினாய். அதற்குப் பிறகு நான் ஏன் முதலில் எழுத வேண்டும், தேவைப்பட்டால் அக்காவே கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டேன். பேர் கொஞ்சம் வெட்டுப்பட்டால் என்ன ஆகிவிடப் போகிறது என்றும் நினைத்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

விசாரணைக்கு ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். தப்பு என்னுடையது, மஞ்சுவுடையது இல்லை என்று விவரமாக இருக்கிறது. பிரிண்ட் எடுத்துக் கொடு. சரிசெய்த ஃபைலும் இருக்கிறது.

அந்த அம்மா எப்படி இருக்கிறார்கள்?

பாண்டிராஜ்

&nbsp;

தென்காசி
25.6.2025

பாண்டி,

கையால் எழுதும் முறையை நேற்றே தொடங்கிவிட்டேன். முத்துசெல்லத்துக்கு நேற்று மூன்றாவது டயாலிசிஸ். சுயநினைவு இருக்கிறது. சிறுநீர் இன்னும் இல்லை.

உன் கடிதத்தை நான்கு தடவை வாசித்தேன். முதல் தடவை உன்மேல் வந்த கோபத்தை எழுதினால் நீ தாங்க மாட்டாய். பதினாலு மாசம் தெரிந்திருந்தும் சும்மா இருந்திருக்கிறாய். ஒரு வரி போதுமே, யாரிடமாவது கொடுத்தனுப்பி இருக்கலாமே என்று சத்தமாகவே திட்டினேன். பிறகு கோபம் போய்விட்டது. பயம் வந்துவிட்டது. அது போகவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். பிப்ரவரியில் மஞ்சு என்னிடம் வந்தாள். "அக்கா, பேரெல்லாம் வெட்டுப்பட்டு வருது. ரெண்டு பேரு ஒண்ணு போல தெரியுது. இத எழுதுனவங்கள்ட்ட சொல்லுங்களேன்" என்றாள். படுக்கை நம்பரைப் பார்த்து எடு, போ என்றேன். அவள் மறுபடி ஒரு தடவையும் சொன்னாள். அப்போது சள்ளென்று விழுந்தேன். அதற்குப் பிறகு சொல்லவில்லை.

எழுதினவனிடம் சொல்ல வேண்டுமென்றால் உன்னைக் கூப்பிட வேண்டும். அதற்கு எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான். வேறு ஒரு காரணமும் இல்லை.

இதை மஞ்சு இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறாளா, சொன்னாலும் நம்ப மாட்டார்கள் என்று நினைக்கிறாளா, தெரியவில்லை. அவள் பேசாமல் இருப்பது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது.

உன் கடிதத்தைக் கொடுத்தால் முதல் கேள்வி, பெயர் வெட்டுப்படுவது பொறுப்பாளருக்குத் தெரியாதா என்பதாகத்தான் இருக்கும். பத்தொன்பது வருஷ வேலை. போனால் இந்த வயதில் என்னை யார் எடுப்பார்கள்? பிரிண்ட் எடுத்து மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். இரண்டு நாள் பொறு. நீயாக நிர்வாகத்துக்கு எதுவும் அனுப்பிவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

&nbsp;

திருவனந்தபுரம்
26.6.2025

அக்கா,

நான் அனுப்பவில்லை. ஆனால் நாளைக் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருப்பேன். அதிகாலை பஸ்ஸில் கிளம்புகிறேன். என் தப்பை நானே என் வாயால் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி விஷயத்தை நான் சொல்ல மாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது. சொல்லாவிட்டாலும் நான் உன்னை ஒன்றும் கேட்க மாட்டேன். கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

அந்த அறிக்கையில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதே.

பாண்டி

&nbsp;

ஆரியங்காவு, பஸ்ஸிலிருந்து
27.6.2025, காலை 9.10

அக்கா,

புளியறை வளைவில் மழையில் ஒரு லாரி கவிழ்ந்து ரோட்டை அடைத்துக் கிடக்கிறதாம். ஒரு மணி நேரமாக வண்டி நகரவில்லை. இறங்கி நடக்கலாமா என்று கேட்டேன், கண்டக்டர் விடவில்லை. போனில் கூப்பிட்டேன், அணைத்து வைத்திருக்கிறாய். சிக்னலும் வருகிறது, போகிறது. பத்து மணிக்கு நான் வர மாட்டேன். டிராயரில் இருக்கும் கடிதத்தை எடுத்துக்கொண்டு போ. நீ போவாயா என்று தெரியவில்லை. இது உனக்குக் கிடைக்குமா என்றும் தெரியவில்லை.

பாண்டி

&nbsp;

தென்காசி
28.6.2025

பாண்டி,

பஸ்ஸிலிருந்து நீ எழுதியதை மத்தியானம்தான் பார்த்தேன். நீ ஒன்றரை மணிக்கு வாசலுக்கு வந்தபோது நான் பின்பக்கமாக வீட்டுக்குப் போய்விட்டேன். உன்னைப் பார்க்கக் கூடாதென்று இல்லை. யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. நீ நிர்வாகியைப் பார்த்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதாகப் பிறகு சொன்னார்கள். அதற்கு முன்னால் உள்ளே நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. அதை நானே சொல்ல வேண்டும்.

பெரிய டாக்டர், நிர்வாகி, வக்கீல் ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள். செல்லச்சாமியையும் அழைத்திருந்தார்கள். மஞ்சு மூலையில் நின்றாள். அவள் அப்பா வெளியே. பத்து மணி ஆயிற்று, பத்தேகால் ஆயிற்று. நீ வரவில்லை. கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டான் என்றுதான் நினைத்தேன். மன்னித்துக்கொள். அப்படி நினைத்தவுடன் எனக்கு ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. இனி யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடும்.

அறிக்கையை நீட்டினார்கள். பேனாவையும் கொடுத்தார்கள். மஞ்சுவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் டிராயரிலிருந்து எடுத்துப் பையில் வைத்திருந்த உன் கடிதத்தை மேசையில் வைத்தேன். வக்கீல் சத்தமாக வாசித்தார். வாசித்து முடித்ததும் பிப்ரவரியில் மஞ்சு இரண்டு தடவை சொன்னதையும், நான் விரட்டியதையும் சொன்னேன். ஏன் உடனே சரிசெய்யச் சொல்லவில்லை என்று பெரிய டாக்டர் கேட்டார். புரோகிராம் எழுதினவன் என் தம்பி, அவனோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்றேன். ஒரு அறையில் ஐந்து பேருக்கு முன்னால் அதைச் சொல்லிப் பார்த்தால்தான் அது எவ்வளவு அற்பமான காரணம் என்று தெரிகிறது.

அதுவரை ஒரு வார்த்தை பேசாத செல்லச்சாமிதான் பேசினார். மெதுவாகத்தான் கேட்டார்.

"அக்காளும் தம்பியும் பேசாம இருந்ததுக்கு எங்கம்மாதான் கெடச்சாளா?"

கையெழுத்துப் போடாத அறிக்கையையும் பேனாவையும் நிர்வாகியிடம் திருப்பிக் கொடுத்தேன்.

மஞ்சுவைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். என்னை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நாளைக்கு என்று சொல்லவில்லை. போலீசுக்குப் போவது செல்லச்சாமியின் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள். போனால் நான் எதிர்க்க மாட்டேன்.

வெளியே வந்ததும் மஞ்சுவிடம் பேசப் போனேன். "நீங்க சொல்லிட்டீங்க, சரிக்கா. ஆனா ரெண்டு வாரம் லேட்டா சொல்லுதீங்க" என்றாள். அவள் அப்பா அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

முத்துசெல்லத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மனசில் போய்ப் போய்த் திரும்பி வருகிறேன்.

ஜன்னத்திடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. அவள் வாசித்தால் போதும்.

அக்கா

&nbsp;

திருநெல்வேலி
30.6.2025

அக்கா,

உன் கடிதத்தை ஜன்னத் வாசித்தாள். என் பையில் இரண்டு சட்டை எடுத்து வைத்து, திருநெல்வேலிக்குக் கிளம்பச் சொன்னாள்.

ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் வந்ததும் செல்லச்சாமியிடம் நான் யார் என்று சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்மாட்ட நீரே சொல்லும்" என்று உள்ளே கூட்டிப்போனார்.

முத்துசெல்லம் அம்மா நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். முகம் வீங்கியிருந்தது. நேற்றிலிருந்து சிறுநீர் கொஞ்சம் இறங்குகிறதாம், இருநூறு மில்லி. நல்ல அறிகுறி, ஆனால் உறுதியாகச் சொல்ல இன்னும் ஒரு வாரம் ஆகும் என்கிறார் டாக்டர். இடுப்பு ஆபரேஷன் அதற்குப் பிறகுதான்.

நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்கள். வெட்டும் ஃபங்ஷன், எண்ணும் ஃபங்ஷன் என்று ஏதோ உளறினேன் போல. கையைக் காட்டி நிறுத்தினார்கள்.

"ஏலே, எம்பேரு ஒனக்கு என்ன அம்புட்டு நீளமாவா இருக்கு?"

இல்லம்மா என்றேன். அவர்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள். வெளியே வந்து உட்கார்ந்தேன். போ என்று யாரும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

அரை மணி நேரம் கழித்து செல்லச்சாமி வந்தார். பத்து நாளாகத் தூங்காத கண். தான் ஊருக்குப் போய் மாட்டையும் வீட்டையும் பார்த்துவிட்டு நாளைக் காலை வர வேண்டும், பக்கத்தில் ஒரு பொம்பளை ஆள் இருந்தால் தேவலை, அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க நர்சுகள் அடிக்கடி வருவதில்லை என்றார். என்னிடம் கேட்கிற மாதிரி இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது. எங்க அக்காவுக்கு அந்த வேலை தெரியும் என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அம்மாட்ட கேக்கேன்" என்று உள்ளே போனார்.

இன்னும் வெளியே வரவில்லை. அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நீ பதிலுக்குக் காத்திருக்காமல் இப்போதே பஸ் ஏறு. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இந்த பெஞ்சில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.

பாண்டி